தோட்டத்தின் தொகை என்ன?

பொழுது புலர்ந்ததும் பிரட்டுக்களத்தில் ஆள் கூடுகிறது. செக்ரோல் புத்தகத்தில் பேர் விழுகிறது. அன்று எத்தனை பேர் கொழுந்தெடுக்கச் சென்றனர், எத்தனை பேர் பால் வெட்டச் சென்றனர் என்பதைத் தோட்டம் அறியும். ஆனால், செக்ரோல் உழைப்பவரை மட்டுமே எண்ணுவது. தொட்டிலில் உறங்கும் குழந்தையையும், லயத்து வாசலில் அமர்ந்திருக்கும் பாட்டியையும் ஒருங்கே எண்ணுவது குடிசன மதிப்பு ஒன்றேயாம்.

இலங்கையில் தீவு முழுவதற்குமான முதலாவது குடிசன மதிப்பு 1871ஆம் ஆண்டில் நடைபெற்றது. 1911ஆம் ஆண்டிலிருந்து இந்தியத் தமிழர் தனி இனமாகக் கணக்கிடப்பட்டனர். 1981க்குப் பின் நாடு முழுவதையும் உள்ளடக்கிய மதிப்பு 2012ஆம் ஆண்டிலேயே கைகூடிற்று. அதன் பின்னர் 2024ஆம் ஆண்டிலும் ஒரு மதிப்பு எடுக்கப்பட்டது.

சப்பிரகமுவ மாகாணத்து மாணவர் இவ்வேடுகளைப் புரட்டினால் முதலில் ஏமாற்றமே அடைவர். 2012ஆம் ஆண்டில் இரத்தினபுரி மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 10 இலட்சத்து 88 ஆயிரம். கேகாலையினது ஏறத்தாழ 8 இலட்சத்து 40 ஆயிரம். நுவரெலியாவைப் போலன்றி, இங்கே தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. ஆகையால் மாவட்டத் தொகையில் தோட்டத்து மக்கள், ஆற்றில் கரைத்த உப்புப்போல் மறைந்துவிடுகின்றனர்.

இதற்குப் பரிகாரம், சிறிய பிரிவுகளை நோக்கி இறங்கிச் செல்வதே. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, பலாங்கொடை போன்ற பிரதேச செயலகப் பிரிவுகளின் அட்டவணைகளைப் பார்த்து, அதன் பின் கிராம உத்தியோகத்தர் பிரிவுக்கு வரவேண்டும். தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் வெளியீடுகளிலும் இணையத்தளத்திலும் இவை கிடைக்கும். கிடையாதவற்றை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுத்து மூலம் கேட்கலாம். தகவல் தருவதா இல்லையா என்பதைப் பதினான்கு வேலை நாட்களுக்குள் உத்தியோகத்தர் தீர்மானித்தல் வேண்டும்.

ஆயினும், எண்களை வாசிப்பதில் மூன்று எச்சரிக்கைகள் தேவை.

முதலாவது, ‘தோட்டத்துறை’ என்னும் சொல். இருபது ஏக்கருக்குக் குறையாத பரப்பும், அங்கேயே வதியும் பத்துத் தொழிலாளராவதும் உள்ள தோட்டமே அக்கணக்கில் சேரும். தோட்டம் துண்டாடப்பட்டுச் சிறு காணிகளாகிவிட்டால், அதே லயத்தில் அதே மக்கள் வாழ்ந்திருந்தும் ‘கிராமத்துறை’க்குள் போய்விடுவர்.

இரண்டாவது, இனத்தைக் குறிக்கும் நிரல். 1971இல் ஏறத்தாழ 11 இலட்சத்து 75 ஆயிரமாயிருந்த இந்தியத் தமிழர் தொகை 1981இல் ஏறத்தாழ 8 இலட்சத்து 19 ஆயிரமாகக் குறைந்தது. 1964, 1974ஆம் ஆண்டு ஒப்பந்தங்களின்படி பலர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டமை இதற்குப் பெருங்காரணம். இலங்கைத் தமிழர் எனப் பதிந்துகொண்டோரும் உளர். 2024ஆம் ஆண்டில் ‘மலையகத் தமிழர்’ என்னும் பெயரும் இந்தியத் தமிழர் என்பதோடு சேர்க்கப்பட்டது. ஆதலால் தமிழ்மொழித் தேவையை ஆராய்வோர் ஒரு நிரலோடு நில்லாது, இரு தமிழர் தொகையையும், தமிழ் பேசும் முஸ்லிம்களையும் நோக்குதல் நன்று.

மூன்றாவது, சராசரி செய்யும் மாயம். ஓர் உதாரணத்தைக் கற்பனை செய்வோம். ஒரு பிரிவில் நூறு வீடுகள். அவற்றுள் இருபதில் மலசலகூடம் இல்லை. நூற்றுக்கு இருபதுதானே என்று தோன்றும். ஆனால், கிராமத்து அறுபது வீடுகளில் நான்கிலும், தோட்டத்து நாற்பது வீடுகளில் பதினாறிலும் அக்குறை இருக்குமாயின், தோட்டத்தின் குறை நூற்றுக்கு நாற்பதன்றோ!

இவ்வளவு பாடுபட்டுக் கணக்குப் பார்ப்பதன் பயன் யாது? 1988ஆம் ஆண்டின் பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தத்தின்படி, ஒரு பிரிவில் வாழும் மொழிச் சிறுபான்மையினரின் விகிதத்தைக் கருத்திற் கொண்டு, அங்கு சிங்களமும் தமிழும் நிர்வாக மொழிகளாதல் வேண்டுமெனச் சனாதிபதி பணிக்கலாம். பிறப்புச் சான்றிதழ் கேட்டுச் செல்லும் தாய்க்குத் தமிழில் மறுமொழி கிடைப்பதும் அந்த விகிதத்தோடு தொடர்புடையதே. பாடசாலைக்கு இன்னுமோர் ஆசிரியர், லயத்துக்குக் குடிநீர் என எதைக் கேட்பினும், “எங்களூரில் பிள்ளைகள் அதிகம்” என்று முறையிடுவதிலும், ஐந்து வயதுக்கும் பதினான்கு வயதுக்கும் இடைப்பட்டோர் இத்தனை பேர் என்று எழுதிக் கொடுப்பது வலிமை மிக்கது.

உயர்தர வகுப்பு மாணவர் நால்வர் கூடினால், தம் கிராம உத்தியோகத்தர் பிரிவின் அட்டவணையை ஒருபுறமும், தாமே லயம் லயமாகச் சென்று எடுத்த கணக்கை மறுபுறமும் வைத்து ஒப்பிடலாம். எங்கே வேறுபாடு உண்டோ அங்கேதான் கேட்கவேண்டிய கேள்வியும் உண்டு.

பெற்றோருக்கும் ஒரு கடமை உண்டு. கணக்கெடுப்போர் வரும்போது வீட்டில் உள்ளோர் அனைவரையும் ஒளியாது சொல்லுதல் வேண்டும். தனி ஒருவரின் விவரத்தை வெளியிடுவதைச் சட்டம் தடுக்கிறது, அச்சத்துக்கு இடமில்லை. பேர் விழாத நாளுக்குச் சம்பளம் இல்லை என்பது தோட்டத்துப் பிள்ளையும் அறிந்த பாடம். நாட்டின் பேரேட்டிலும் நம் பேர் விழவேண்டும். விழுந்ததா என்று பார்க்கவும் நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.