எருக்கு
கலோட்ரோபிஸ் ஜைஜான்டியா
அரளிக் குடும்பம், எருக்குத் துணைக்குடும்பம்

பூவின் நடுவே ஐந்து மூலைகளுடன் நிற்கும் கிரீடத்தைப் பாருங்கள். இதன் மகரந்தம் தூளாக உதிர்வதில்லை. மெழுகுக் கட்டிகளாக, இரண்டிரண்டாக இணைந்திருக்கும். தேன் தேடி வரும் பெரிய கருவண்டுகளின் உடலில் ஒட்டிக்கொண்டு அடுத்த பூவைச் சென்றடையும்.

இந்த மகரந்த அமைப்பை ஆராய்ந்த ராபர்ட் பிரவுன், 1810இல் எருக்கினத் தாவரங்களை அரளிக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தனிக் குடும்பமாக்கினார். மரபணு ஆய்வுகள் இரண்டும் ஒரே வழித்தோன்றல் என்று காட்டியதால், 1998இல் வெளியான புதிய வகைப்பாடு அவற்றை மீண்டும் ஒன்றாக்கியது.

வேலிப்பருத்தி, சிறுகுறிஞ்சான், கள்ளிபோல் சதைப்பற்றுள்ள கல்முளையான் ஆகியவையும் இதே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை.

எருக்கம்பால் நச்சுத்தன்மை உடையது. செடியைத் தொடாதீர்கள், பால் கண்ணில் படக் கூடாது.