சோறு: தருமமா? உரிமையா?

பசித்தவனுக்குச் சோறு போட்டால் புண்ணியம் என்பார்கள். அது தருமம். கொடுப்பவர் மனம் வைத்தால் கிடைக்கும். மனம் வைக்காவிட்டால் இல்லை!

உரிமை அப்படி அல்ல. அதற்காக யாரிடமும் கெஞ்ச வேண்டியது இல்லை. கொடுக்க மறுத்தால், "ஏன்?" என்று கேட்கலாம்.

பணக்கார ஊரில் பசி

சுவிட்சர்லாந்து செல்வம் கொழிக்கும் நாடு. அங்குள்ள ஜெனீவா நகரில், 2020-ம் ஆண்டு கொரோனா காலத்தில் வேலை இழந்தவர்கள் உணவுப் பைக்காக நீண்ட வரிசையில் நின்றார்கள்.

2023 ஜூன் 18-ந்தேதி ஜெனீவா மாநில மக்கள் ஓட்டுப் போட்டார்கள். உணவு பெறுவது ஒவ்வொருவருக்கும் உரிமை என்று மாநில அரசியல் சட்டத்தில் எழுத வேண்டும் என முடிவு செய்தார்கள். ஓட்டுப் போட்டவர்களில் ஏறக்குறைய 3-ல் 2 பங்குப் பேர் அதற்குச் சம்மதித்தனர்.

நம் நாட்டுச் சட்டம்

நம் நாட்டிலோ அதற்கு 10 ஆண்டுகள் முன்பே சட்டம் வந்துவிட்டது!

2001-ல் ராஜஸ்தானில் வறட்சி. அரசாங்கக் கிடங்குகளில் தானியம் நிறைந்து கிடந்தது. வெளியே ஏழைகள் பட்டினி கிடந்தார்கள். மக்கள் சிவில் உரிமைக் கழகம் சுப்ரீம் கோர்ட்டில் வழக்குப் போட்டது. உயிர் வாழ உரிமை உண்டு என்றால், உணவுக்கும் உரிமை உண்டு அல்லவா? இதுதான் வழக்கு.

அரசாங்கப் பள்ளிக் குழந்தைகளுக்குச் சமைத்த மதிய உணவு கொடுக்கவேண்டும் என்று, அந்த ஆண்டு நவம்பர் 28-ந்தேதி கோர்ட்டு உத்தரவிட்டது. தமிழ்நாட்டுக்கு இது புதிது அல்ல. காமராஜர் 1956-லேயே மதிய உணவைத் தொடங்கினார். எம்.ஜி.ஆர். 1982-ல் சத்துணவுத் திட்டம் கொண்டுவந்தார்.

2013-ல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. தமிழ்நாட்டில் அது 2016 நவம்பர் 1-ந்தேதி நடைமுறைக்கு வந்தது. சட்டப்படி, முன்னுரிமைக் குடும்பத்தில் ஆளுக்கு மாதம் 5 கிலோ தானியம். பரம ஏழைக் குடும்பத்துக்கு மாதம் 35 கிலோ.

வெளியூர் தொழிலாளிக்கும் உண்டு!

ஓசூரில் இருந்து ராயக்கோட்டை போகும் சாலையில் இருக்கிறது, உத்தனப்பள்ளி. கர்நாடக எல்லை தூரத்தில் இல்லை. ஓசூர் வட்டார ஆலைகளில் வேலை செய்யப் பீகார், ஒடிசா போன்ற மாநிலங்களில் இருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள்.

அவர்களுடைய ரேஷன் கார்டு சொந்த ஊரில் இருக்கும். முன்பெல்லாம் ஊரை விட்டு வந்தால் ரேஷனும் போயிற்று. "ஒரே நாடு, ஒரே ரேஷன் கார்டு" திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. இந்தச் சட்டப்படி கார்டு உள்ள வெளிமாநிலத் தொழிலாளி, உத்தனப்பள்ளியில் இருந்தாலும் ரேஷன் கடையில் கைரேகை வைத்துத் தன் பங்கை வாங்கலாம். ஊரில் உள்ள மனைவி மக்கள் மீதியை அங்கே வாங்கிக்கொள்ளலாம்.

மறுத்தால் என்ன செய்வது?

தானியம் கொடுக்காவிட்டால், அதற்கு ஈடாக உதவித்தொகை தரவேண்டும் என்கிறது சட்டம். 1967 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். மாவட்டக் குறைதீர்ப்பு அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். அவர் சொல்லியும் நிவாரணம் தராத அரசாங்க ஊழியருக்கு, மாநில உணவு ஆணையம் 5,000 ரூபாய் வரை அபராதம் போடலாம்.

தாய்மார்களுக்கு ஒரு செய்தி: இந்தச் சட்டப்படி ரேஷன் கார்டில் குடும்பத் தலைவி, வீட்டில் உள்ள 18 வயது நிரம்பிய பெண்களில் மூத்தவர்தான்!

ரேஷன் கடை வரிசையில் நிற்பவர் பிச்சை கேட்டு நிற்கவில்லை. சட்டம் தந்த பங்கை வாங்க நிற்கிறார். வாங்குகிறவரும் கொடுக்கிறவரும் இதை மறக்கக்கூடாது.