பல மரம் கண்ட தச்சன்



“பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்” என்பது நம் நாட்டுப் பழமொழி. அதன் பொருளை நான் முழுதும் உணர்ந்தது இந்தப் பெங்களூருக்கு வந்த பிறகுதான். எனக்கு அதை உணர்த்தியது தச்சுத் தொழில் அன்று. பைத்தான் என்னும் நிரல்மொழி.

பள்ளியில் தமிழ் வழியில் படித்து, கல்லூரியில் கட்டடப் பொறியியல் பயின்று, ஆராய்ச்சிக்காக இங்கு வந்தவன் நான். முதற் பருவத்திலேயே என் ஆசிரியர் மழையளவுக் கணக்குகள் அடங்கிய கோப்பு ஒன்றைத் தந்து, ஒரு திங்களுக்குள் அவற்றைப் பைத்தானில் கணக்கிட்டுக் கொண்டுவரச் சொன்னார். தலையை ஆட்டிவிட்டு வந்தேன். அதுவரை ஒரு வரி நிரலும் எழுதியறியேன்.

அன்றிரவே தேடத் தொடங்கினேன். பாடங்களுக்கா பஞ்சம்? இணையத்தில் ஒரு சொல்லை இட்டால் ஓராயிரம் வந்து நிற்கின்றன! ஒன்றில் இரண்டு பாடம் பார்ப்பேன்; “இதைவிடச் சிறந்தது வேறு இருக்குமோ?” என்று மனம் அலையும், அதை விட்டு அடுத்ததற்குத் தாவுவேன். இரண்டு வாரம் இப்படியே ஓடிற்று. எல்லாவற்றிலும் முதற் பாடம் தெரியும்; எதிலும் மூன்றாம் பாடம் தெரியாது.

கடைசியில் அவென்யூ சாலை நடைபாதையில் பழைய நூல் ஒன்றை வாங்கி வந்தேன். முதல் எடுத்துக்காட்டை எழுத்துப் பிசகாமல் இட்டேன். திரையில் சிவப்பு வரிகள்! மீண்டும் இட்டேன், மீண்டும் சிவப்பு. நான்கு நாள் இந்தப் போராட்டம். “இது நமக்கு வராது, ஊருக்கே திரும்பிவிடலாம்” என்று எண்ணும் அளவுக்குச் சோர்ந்துபோனேன்.

விடுதியில் அடுத்த அறையில் இருந்த திருநெல்வேலி அண்ணன் ஒருவர் வந்து எட்டிப் பார்த்தார். “தம்பி, அந்தச் சிவப்பு வரி என்ன சொல்கிறது என்று படித்தாயா?” என்று கேட்டார். நான் படிக்கவில்லை! ஆங்கிலத்தில் சிவப்பாக ஏதோ வந்தால் அது என்னைக் கடிந்துகொள்கிறது என்றே கருதியிருந்தேன். அதுவோ, “பிரிண்ட் என்பதற்குப் பின் அடைப்புக்குறி விடுபட்டிருக்கிறது, இப்படி எழுத நினைத்தாயா?” என்று பணிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது.

பிழை என் மீதன்று; நூலின் அகவையில் இருந்தது. அது பைத்தான் இரண்டாம் பதிப்புக்கு எழுதப்பட்டது. மூன்றாம் பதிப்பு 2008-இல் வெளிவந்தது. இரண்டாம் பதிப்புக்கான ஆதரவு 2020 சனவரி 1-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. அடைப்புக்குறிப் பிழையாவது வாய்விட்டுச் சொல்லும். சொல்லாத பிழையும் உண்டு. ஐந்தை இரண்டால் வகுத்தால் இரண்டாம் பதிப்பு 2 என்னும். மூன்றாம் பதிப்பு 2.5 என்னும். பழைய நூலை நம்பி எழுதினால் சிவப்பு வரி வராமலே விடை மாறிவிடும்! ஆகவே, எந்த நூலை எடுத்தாலும் அது எந்தப் பதிப்புக்கு உரியது என்பதை முதலில் பாருங்கள்.

இன்று நமக்குள்ள இடர் நூல்களின் மிகுதி. ஒரு காலத்தில் இடர் நூலின்மை. ஈரோட்டில் பிறந்து, இந்நகரின் இந்திய அறிவியல் கழகத்தில் பயின்றவர் பேராசிரியர் வை. இராசாராமன். 1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 1620 கணிப்பொறி வந்திறங்கியபோது அங்கே ஆசிரியராக இருந்தார். துளையிட்ட அட்டைகளில் நிரலைக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருந்த காலம் அது. மாணவர் வாங்கிப் படிக்கத்தக்க நூல் இந்நாட்டில் இல்லை. அவர் என்ன செய்தார்? தம் வகுப்புக் குறிப்புகளையே நூலாக்கினார். 1969-இல் அது வெளிவந்தது. அவர் எழுதிய மலிவு விலை நூல்களைக் கொண்டு பல்லாயிரம் மாணவர் நிரல் எழுதக் கற்றனர். 1982-இல் இந்திய அறிவியல் கழகத்துக்கே பேராசிரியராகத் திரும்பி வந்து, 2025 நவம்பரில் மறைந்தார். அந்த மாணவர்களுக்குக் கிடைத்தது ஒரு நூல். அதை அவர்கள் முடித்தார்கள். நமக்கு நூறு கிடைக்கிறது, ஒன்றையும் முடிப்பதில்லை!

அப்படியானால் எந்த ஒன்றைத் தேர்வது? என் பட்டறிவில் தெரிந்த சில அடையாளங்களைச் சொல்கிறேன். முதற் சில பக்கங்களுக்குள் உங்களை ஒரு நிரல் எழுதி இயக்க வைக்க வேண்டும். ஒவ்வோர் இயலின் முடிவிலும் பயிற்சி இருக்க வேண்டும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது; பிறர் நிரல் எழுதுவதைக் காணொளியில் பார்த்துக்கொண்டே இருப்பதும் ஏட்டுச் சுரைக்காய்தான். மேலும், அது யாருக்காக எழுதப்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். பைத்தானின் அதிகாரபூர்வப் பாடம் மிக நன்று. ஆனால் வேறொரு நிரல்மொழி அறிந்தவர்க்கே அது ஏற்றது. முற்றிலும் புதியவர்க்கு, பெங்களூரில் படித்த ஸ்வரூப் எழுதிய ‘எ பைட் ஆஃப் பைத்தான்’ என்னும் சிறு நூலோ, ஆலன் டௌனியின் ‘திங்க் பைத்தான்’ நூலோ பொருந்தும். இரண்டும் இணையத்தில் இலவசம். ஆசிரியர் குரலைக் கேட்டுக் கற்க விரும்புவோர்க்கு என்.பி.டி.இ.எல். தளத்தில் சென்னைக் கணிதக் கழகத்தின் மாதவன் முகுந்த் நடத்திய பாடங்கள் உள்ளன.

தமிழில் தொடங்க விரும்புகிறவர் கூச வேண்டியதில்லை. பம்பாய் ஐ.ஐ.டி.யின் ‘ஸ்போக்கன் டுடோரியல்’ சிறு சிறு காணொளிப் பாடங்களைத் தமிழ்க் குரலிலும் தருகிறது. ஒருபுறம் பாடம் ஓட, மறுபுறம் நாமே செய்து பார்ப்பது அதன் முறை. 2012 முதல் வெளிவரும் ‘கணியம்’ மின்னிதழைச் சார்ந்தோர் எளிய தமிழில் கணிநுட்ப நூல்களை இலவசமாக வழங்குகின்றனர். முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்னும் நிரல்மொழியில் கட்டளைகளே தமிழ். ‘பிரிண்ட்’ என்பதற்கு அங்கே ‘பதிப்பி’. ஒரு மாலைப்பொழுது அதில் எழுதிப் பாருங்கள். நிரல் என்பது ஆங்கிலமன்று, ஒழுங்கான சிந்தனையே என்பது விளங்கும். அதன்பின் பைத்தானுக்கு வந்தால் அச்சம் இராது.

ஆனால் நூல் மட்டும் போதுமா? போதாது என்கிறார் பவணந்தி முனிவர். இக்கன்னட நாட்டை ஆண்ட கங்கர் வழியில் வந்த சீயகங்கன் வேண்டியதற்கிணங்க அவர் இயற்றிய நன்னூலில் கற்கும் முறைக்கு ஒரு கணக்கே தந்திருக்கிறார். ஆசிரியரிடம் எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் கிட்டுவது கால் பங்கு. உடன் கற்பாரோடு பயில்வதால் இன்னொரு கால் பங்கு. பிறர்க்கு எடுத்துரைப்பதால் எஞ்சிய அரைப் பங்கு!

எனக்கு இது அப்படியே பலித்தது. நூல் கால் பங்கு தந்தது. திருநெல்வேலி அண்ணனும், இந்நகரில் பைத்தான் பயில்வோர் கூடும் ‘பாங்பைப்பர்ஸ்’ குழுவும் மறு கால் பங்கு தந்தார்கள். பைத்தானுக்கான முதல் இந்திய மாநாடு 2009-இல் இந்திய அறிவியல் கழகத்தில்தான் நடந்தது; இவ்வூரில் கேட்பதற்கு ஆளில்லை என்று எவரும் சொல்ல முடியாது. கேட்கும்போது “வேலை செய்யவில்லை” என்று மட்டும் சொல்லாதீர்கள். எழுதிய நிரல், எதிர்பார்த்த விடை, வந்த பிழைச்செய்தி ஆகிய மூன்றையும் முழுமையாகக் காட்டுங்கள். பாதி நேரம் அவற்றை எடுத்தெழுதும்போதே பிழை நமக்குப் புலப்பட்டுவிடும்.

மழைக் கணக்கை ஐந்து நாள் தாமதமாக முடித்துக் கொடுத்தேன். ஆசிரியர் ஒன்றும் சொல்லாமல் அடுத்த கோப்பை நீட்டினார்!

எஞ்சிய அரைப் பங்கு சென்ற ஆண்டு கிட்டியது. புதிதாக வந்த தம்பி ஒருவர் என் அறை வாயிலில் நின்று, “அண்ணா, இது எனக்கு வராது போலிருக்கிறது” என்றார். கையில் மடிக்கணினி, திரையில் சிவப்பு வரிகள். “உள்ளே வா, அது என்ன சொல்கிறது என்று முதலில் படி” என்றேன். அவருக்குச் சுழற்சிக் கட்டளையை விளக்கப் புகுந்தபோதுதான், அதை நானே பாதிதான் அறிந்திருந்தேன் என்பது தெரிந்தது.

நண்பர்களே, ஒரு மரத்தைத் தேர்ந்து வெட்டத் தொடங்குங்கள். வெட்டத் தெரிந்தவர்கள், அடுத்த அறைக் கதவைத் தட்டிப் பாருங்கள். உள்ளே ஒருவர் ஊருக்குத் திரும்பிவிட எண்ணிக்கொண்டிருக்கக்கூடும்.