சோவியத் காலத் தத்தார் இலக்கிய இதழியல்

சோவியத் காலத் தத்தார் இலக்கிய இதழியல் என்பது, உருசியாவின் வால்கா ஆற்றங்கரையிலுள்ள கசான் நகரை மையமாகக் கொண்டு தத்தார் மொழியில் வெளிவந்த இலக்கிய இதழ்களையும், அவற்றின் மீது அரசு செலுத்திய கட்டுப்பாட்டையும் குறிக்கும். தத்தார் மொழி துருக்கிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. இக்காலத்தில் இலக்கிய இதழ் அரசின் பரப்புரைக் கருவியாக இருந்தது. தாய்மொழியில் எழுதுவோர் வாசகரைச் சென்றடையும் முதன்மை வழியும் அதுவே.

பின்னணி

1905ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னரே உருசியப் பேரரசில் தத்தார் செய்தித்தாள்கள் வளரத் தொடங்கின. ஒரன்பூர்க் நகரில் 1906இல் 'வக்கித்' நாளிதழும், 1908இல் ரிசாயெத்தின் பக்ரெத்தினை ஆசிரியராகக் கொண்ட 'சூரா' இதழும் தோன்றின. தங்கச் சுரங்க உரிமையாளர்களான ராமியெவ் சகோதரர்கள் இவற்றுக்குப் பொருளுதவி செய்தனர். கசானில் கவிஞர் கப்துல்லா துக்காய் நகைச்சுவை இதழ்களில் எழுதினார். 1917 புரட்சிக்குப் பின் இத்தகைய தனியார் இதழ்கள் மறைந்தன.

பெயர் மாற்றங்கள்

1922இல் கசானில் 'பெஸ்னெங் யூல்' (எங்கள் பாதை) என்ற இதழ் தொடங்கப்பட்டது. 1930களில் அது 'சோவெத் அதபியாத்தி' (சோவியத் இலக்கியம்) ஆயிற்று. 1965 முதல் 'கசான் உத்லாரி' (கசானின் விளக்குகள்) என்ற பெயரில் வெளிவருகிறது. நாட்டின் அரசியல் போக்கு மாறியதை இப்பெயர்களே காட்டுகின்றன.

தணிக்கை முறை

1922இல் சோவியத் அரசு 'கிளாவ்லித்' என்ற தணிக்கைத் துறையை அமைத்தது. அதன் ஒப்புதல் இல்லாமல் எந்த இதழும் அச்சேற முடியாது. அதற்கு மேல் பொதுவுடைமைக் கட்சியின் மேற்பார்வையும் இருந்தது. 1934இல் நடந்த சோவியத் எழுத்தாளர் மாநாட்டில் சோசலிச யதார்த்தவாதம் அதிகாரப்பூர்வ இலக்கிய நெறியாக ஏற்கப்பட்டது. படைப்பு எதைச் சொல்லலாம் என்பதோடு எப்படிச் சொல்ல வேண்டும் என்பதும் இதனால் வரையறுக்கப்பட்டது.

எழுத்தாளர்களும் நேரடியாகத் தண்டிக்கப்பட்டனர். புதின ஆசிரியர் கலிம்ஜான் இப்ராகிமொவ் 1937இல் கைது செய்யப்பட்டு, 1938இல் காவலில் இறந்தார். நாடக ஆசிரியர் கரீம் தின்சூரின் 1938இல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1940இல் கைதான கவிஞர் ஹசன் தூபான் 1956இல்தான் கசான் திரும்பினார். இந்த அச்சத்தால் எழுத்தாளர்கள் தாங்களே தங்கள் எழுத்தை வெட்டிச் சுருக்கும் வழக்கம் ஏற்பட்டது.

எழுத்து மாற்றம்

தத்தார் மொழி முன்பு அரபு எழுத்தில் எழுதப்பட்டது. 1920களின் இறுதியில் இலத்தீன் எழுத்தும், 1939இல் சிரில்லிக் எழுத்தும் புகுத்தப்பட்டன. பள்ளியில் சிரில்லிக் மட்டும் கற்ற தலைமுறையால் 'சூரா' போன்ற பழைய இதழ்களைப் படிக்க இயலவில்லை. அவற்றுக்குத் தனித் தடை விதிக்காமலே வாசகர் இல்லாமல் போயினர்.

'இதெகெய்' காவியம்

'இதெகெய்' என்பது தங்க நாடோடிக் கூட்டப் பேரரசின் தலைவர் ஒருவரைப் பாடும் வாய்மொழிக் காவியம். நக்கி இசன்பெத் தொகுத்த இதன் பாடம் 1940இல் 'சோவெத் அதபியாத்தி' இதழில் வெளிவந்தது. 1944 ஆகத்து 9 அன்று கட்சியின் மத்தியக் குழு இயற்றிய தீர்மானம் இக்காவியத்தைப் பரப்பியதைக் கண்டித்தது. தங்க நாடோடிக் கூட்டத்தைப் புகழ்வது தவறு என்றும் அது கூறியது. நான்கு ஆண்டுகளுக்கு முன் தணிக்கையைத் தாண்டி அச்சான படைப்பே இவ்வாறு குற்றமாயிற்று. 1980களின் இறுதியில்தான் அக்காவியம் மீண்டும் நூலாக வந்தது.

தளர்வும் முடிவும்

இசுட்டாலின் 1953இல் இறந்தபின் இறுக்கம் சற்றுக் குறைந்தது. செருமானியச் சிறையில் 1944இல் கொல்லப்பட்ட கவிஞர் மூசா ஜலீல், அதுவரை துரோகி என ஐயுறப்பட்டவர். 1956இல் சோவியத் ஒன்றியத்தின் வீரர் பட்டம் பெற்றார். அமிர்கான் எனிக்கியின் 'சொல்லப்படாத உயில்' என்ற குறும்புதினம், பிள்ளைகளிடம் தாய்மொழி மறைவதை ஒரு மூதாட்டியின் வாழ்வு வழியே சொன்னது. அரசைக் குறை கூறாமல், குடும்பக் கதைக்குள் மொழி இழப்பைப் பேசியது அக்காலத்திற்கு ஏற்ற உத்தியாக அமைந்தது.

1990ஆம் ஆண்டுப் பத்திரிகைச் சட்டம் முன் தணிக்கையை நீக்கியது. 'கசான் உத்லாரி' இன்றும் வெளிவருகிறது. அதன் பழைய இதழ்களைப் படிக்கும் மாணவர், அவற்றில் இடம்பெற்றவற்றோடு எவை இடம்பெற இயலாமல் போயின என்பதையும் சேர்த்துப் பார்ப்பது பயன் தரும்.