உலாவியின் மாறுவேடம்

ஓர் இணையதளத்தைத் திறக்கிறீர்கள். உங்கள் கருவியிலுள்ள உலாவி, அதாவது பிரவுசர், முதலில் அத்தளத்தின் சர்வரிடம் தன் பெயரைச் சொல்லித்தான் பக்கத்தைக் கேட்கிறது. குரோம் உலாவி என்ன பெயர் சொல்கிறது தெரியுமா? 'மொசில்லா' என்று தொடங்கி, 'ஆப்பிள்வெப்கிட்', 'கெக்கோ போன்றது', 'குரோம்', 'சஃபாரி' என்று அடுக்குகிறது! ஒரே உலாவிக்கு இத்தனை பெயர்கள் எதற்கு?

1993-இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மொசைக் என்னும் உலாவி உருவாயிற்று. 1994-இல் அதற்குப் போட்டியாக நெட்ஸ்கேப் வந்தது. தன்னை 'மொசில்லா' என்று அறிவித்துக்கொண்டது. திரையைப் பல பகுதிகளாகப் பிரித்துக் காட்டும் 'ஃபிரேம்' வசதி அதன் இரண்டாம் பதிப்பில் அமைந்தது. மொசைக்கால் அது இயலவில்லை. ஆகவே தளங்களை அமைத்தவர்கள் ஒரு சோதனை வைத்தனர்: பெயர் மொசில்லா எனில் சிறப்பான பக்கம், இல்லையேல் எளிய பக்கம்.

1995-இல் மைக்ரோசாஃப்டின் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் வந்தது. திறன் இருந்தும் பெயர் வேறாயிருந்தால் எளிய பக்கந்தானே கிடைக்கும்? எனவே அதுவும் தன்னை 'மொசில்லா' என்றே கூறிக்கொண்டது. உண்மைப் பெயரை அடைப்புக்குறிக்குள் வைத்தது.

பின்னர் மொசில்லா அமைப்பினர் கெக்கோ என்னும் வரைபொறியை உருவாக்கினர். பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் உட்பகுதியே வரைபொறி. தளங்கள் கெக்கோவுக்குச் சலுகை காட்டின. உடனே கான்குவரர் என்னும் உலாவி 'நானும் கெக்கோ போன்றதே' என்றது. அதன் வரைபொறியிலிருந்து ஆப்பிள் நிறுவனம் 2003-இல் சஃபாரியைப் படைத்தது. சஃபாரியின் வரைபொறியைக் கொண்டு 2008-இல் குரோம் பிறந்தது. ஒவ்வொன்றும் முன்னோர் பெயர்களைச் சுமந்தது. ஒன்றைக் கைவிட்டாலும் ஏதேனும் ஒரு பழைய தளம் கதவடைத்துவிடுமே!

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. உலாவி தரும் நுட்பமான விவரங்களைப் பிற விவரங்களுடன் சேர்த்து, பயன்படுத்துபவரைப் பின்தொடர முடியும். ஆகையால் 2022 முதல் குரோம் தன் பதிப்பெண்ணின் பிற்பகுதியைப் பூச்சியங்களாகவே தருகிறது.

நீங்களே சோதித்துப் பாருங்கள். கைப்பேசி உலாவியின் மெனுவில் 'டெஸ்க்டாப் தளம்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கருவி மாறவில்லை, அது சொல்லும் பெயரே மாறுகிறது. பல தளங்களில் பக்கமும் மாறிவிடும்!

ஒருவர் யார் என்பது வேறு. அவரால் என்ன இயலும் என்பது வேறு. நன்கு அமைந்த தளம் பெயரைக் கேளாது, 'இவ்வசதி உன்னிடம் உண்டா?' என்று திறனையே சோதிக்கும். விண்ணப்பம் நிரப்பும்போது 'இந்த உலாவி ஏற்றதன்று' என்று ஒரு தளம் மறுத்தால், உங்கள் கருவியில்தான் குறை என்று உடனே முடிவுகட்டாதீர்கள். குறை, கேட்கப்பட்ட கேள்வியிலும் இருக்கலாம்.