நடவு முடிந்த பிறகும் ஒரு நடவு: ஜப்பானின் மிபு வயலில் மேளம் ஏன் ஒலிக்கிறது?

ஜூன் மாதத்தின் முதல் ஞாயிறு. ஜப்பானின் ஹிரோஷிமா மாநிலத்து மலைப்பகுதியில் இருக்கும் மிபு என்ற ஊரில் நடவு வேலை முடிந்துவிட்டது. இயந்திரம் இறங்கியது, நட்டது, கரையேறிவிட்டது. ஒரே ஒரு வயலில் மட்டும் நாற்று வைக்காமல் தண்ணீர் கட்டி வைத்திருக்கிறார்கள். அந்த வயலைச் சுற்றித்தான் கூட்டம். வரப்பில் கால் வைக்க இடமில்லை.

கொஞ்ச நேரத்தில் மேளச் சத்தம். பெண்கள் வரிசையாகச் சேற்றில் இறங்கி, பாடிக்கொண்டே கையால் நாற்று நடுகிறார்கள். இந்தச் சடங்கின் பெயர் 'ஹனா தாவுயே'. ஹனா என்றால் பூ, தாவுயே என்றால் நெல் நடவு. 2011-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பிடித்தது.

சரி, முடிந்துபோன வேலையை எதுக்கு மறுபடியும் செய்யணும்?

மாட்டுக்கு மேக்கப்

ஊர் இருப்பது கிட்டாஹிரோஷிமா டவுனில். மேப்பில் தேடுபவர்கள் கவனம்: வடக்கே ஹொக்கைடோ தீவில் இதே பெயரில் ஒரு நகரம் இருக்கிறது. ஹிரோஷிமாவிலிருந்து குடியேறியவர்கள் சொந்த ஊர் நினைவாக வைத்த பெயர் அது. அங்கே போய் இறங்கிவிட்டால் நடவைப் பார்க்க முடியாது!

மிபுவில் அன்றைய நாள் மாடுகளோடு தொடங்குகிறது. பத்துப் பன்னிரண்டு மாடுகளுக்கு மேல் ஊர்க்கோயிலுக்குக் கூட்டிவந்து, முதுகில் வேலைப்பாடு மிகுந்த சேணம், கழுத்தில் வண்ண வண்ண மாலை என்று அலங்கரிக்கிறார்கள். புனிதக் கோல் ஏந்திய பெரியவர் ஒருவர் முன்னால் நடக்க, மாடுகள் வயலுக்குப் போய்ச் சேற்றுழவு செய்கின்றன. அடுத்து 'எபுரி' வருகிறது. நம் பரம்புப் பலகை மாதிரி, சேற்றைச் சமப்படுத்தும் கருவி. வயல் தெய்வம் அதில்தான் குடியிருக்கிறது என்பது ஊர் நம்பிக்கை.

பிறகு நடவு. கோரைத் தொப்பியும் வண்ண உடையுமாக 'சவோதோமே' எனப்படும் நடவுப் பெண்கள் பின்பக்கமாக நடந்தபடியே நடுகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் இடுப்பில் மேளம் கட்டிய ஆண்கள், புல்லாங்குழல், சிறு சேகண்டி.

பாட்டுதான் சூப்பர்வைசர்

இந்த இசைக் குழுவுக்குத் தலைவர் 'சன்பாய்'. நெல் தெய்வத்துக்கும் அதே பெயர்தான். நுனி பிளந்த மூங்கிலைத் தட்டிக்கொண்டே அவர் ஓர் அடி பாடுவார், அது 'தாய்ப் பாட்டு'. நடும் பெண்கள் பதிலுக்குப் பாடுவது 'பிள்ளைப் பாட்டு'.

இது வெறும் பொழுதுபோக்கு இல்லை. குனிந்த நிலையில் ஒரு வரிசையே ஒரே வேகத்தில் பின்னால் நகர வேண்டும். ஒருவர் முந்தினாலும் ஒருவர் பிந்தினாலும் வரிசை கோணலாகிவிடும். யாரும் யாரையும் அதட்டாமல் எல்லாக் கைகளையும் ஒன்றாக நகர்த்த, தாளத்தைவிட நல்ல வழி இல்லை.

பாட்டே கடிகாரமாகவும் இருந்திருக்கிறது. இந்தப் பகுதியில் கிடைத்த 'தவுயே ஸோஷி' என்ற பழைய நடவுப் பாட்டுத் தொகுப்பில் பாடல்கள் காலை, நண்பகல், மாலை என்று பிரிக்கப்பட்டிருக்கின்றன. சாமியைக் கூப்பிடும் பாட்டும் உண்டு, காதல் பாட்டும் உண்டு. நாள் முழுக்கச் சேற்றில் நிற்பவர்களுக்கு எல்லாமே வேண்டியிருந்தது.

வயலில் பிறந்த இந்த இசைக்கு ஜப்பானிய மொழியில் 'டெங்காகு' என்று பெயர். அரண்மனைக்காரர்களும் ரசித்த கலையாக அது வளர்ந்தது. உலகமே கொண்டாடும் 'நோ' நாடகம் உருவானதில் டெங்காகுவுக்கும் பங்கு உண்டு.

ஒன்றை மறக்கக் கூடாது. அந்தக் காலத்தில் இந்த 'மலர் நடவு' பெரிய நிலக்கிழார்களின் செல்வாக்கைக் காட்டும் மேடையும்கூட. யார் வயலில் அதிக மாடு, அதிக மேளம் என்பது கௌரவப் பிரச்சினை. இன்று போட்டோவில் அழகாகத் தெரியும் அந்த வரிசை, அன்று முதுகொடிய உழைத்த வரிசை. நிலக்கிழார்களின் காலம் முடிந்த பிறகும் ஊர்மக்கள் இதை விட்டுவிடாமல் தங்கள் விழாவாக ஆக்கிக்கொண்டார்கள்.

வேலை போன பாட்டு

ஜப்பான் வயல்களில் நடவு இயந்திரம் வேகமாகப் பரவியது 1970-களில். மிபு நடவை ஜப்பான் அரசு முக்கிய நாட்டார் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது 1976-ல். இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். பாட்டுக்கு வயலில் வேலை இருந்த வரைக்கும் அதை யாரும் பாதுகாக்க வேண்டியிருக்கவில்லை. இயந்திரத்துக்குத் தாளம் தேவையில்லை என்றானபோது 'காப்பாத்தணும்' என்ற பேச்சு வலுத்தது.

நிஜ நடவெல்லாம் முடிந்த பிறகு, தனியாக ஒதுக்கிய வயலில் சடங்கை நடத்துவது அதனால்தான். வேலையும் பாட்டும் பிரிந்துவிட்டன. பாட்டைக் காப்பாற்ற, வேலையை மறுபடி நடித்துக் காட்டுகிறார்கள்.

இதை ஏமாற்று என்று சொல்லிவிட முடியாது. சேறு நிஜம், நாற்று நிஜம், முதுகுவலியும் நிஜம். ஆனால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது: ஆள்.

ஜப்பானின் 2020 விவசாயக் கணக்கெடுப்பின்படி, விவசாயத்தையே முக்கிய வேலையாகக் கொண்டவர்களின் சராசரி வயது 67.8. மொத்தம் சுமார் 13.6 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய 70 சதவீதம் பேர் 65 வயதைத் தாண்டியவர்கள். நம் ஊரில் ரிட்டயர்மென்ட் பார்ட்டி வைக்கும் வயது, அங்கே டிராக்டர் ஓட்டும் வயது.

மாட்டுக் கதையும் இதேதான். உழவுக்கு மாடு கட்டும் வழக்கம் போய்விட்டதால், சேற்றில் ஏர் இழுக்க மாடுகளைத் தனியாகப் பழக்க வேண்டும். அதுவும் காதுக்குப் பக்கத்தில் மேளம் அதிரும்போது மிரளாமல். அப்படிப் பழக்கத் தெரிந்தவர்களும் வேண்டும்.

இருப்பதிலேயே கஷ்டம் சன்பாய்க்கு மாற்று கண்டுபிடிப்பதுதான். மேளத்தைக் கூடிப் பழகலாம், நடவை ஒரு வாரத்தில்கூடக் கற்றுக்கொடுக்கலாம். ஆனால் எந்தக் கட்டத்தில் எந்தப் பாட்டை எடுப்பது, எப்போது நிறுத்துவது என்பது பாடல்களை முழுசாக மனதில் வைத்திருக்கும் பெரியவர்களிடம் இருக்கிறது. யுனெஸ்கோ ஆவணமும் இந்த மரபைக் கடத்துபவர்களாக அவர்களைத்தான் சொல்கிறது. யூடியூபில் வீடியோ பார்த்துப் பாட்டை மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் ஒரு பெண்ணின் கை தளர்வதைப் பார்த்துத் தாளத்தைக் குறைக்க, வயலில் நிற்கும் ஆள்தான் வேண்டும்.

கடைசி வரிசை முடிந்ததும் மேளம் ஓய்கிறது. எபுரியைத் தலைகீழாகத் தண்ணீரில் நட்டு, அதோடு மூன்று நாற்று முடிகளை வைத்துவிட்டுக் கரையேறுகிறார்கள்.