மாத்திரை வலியை மட்டுமா அடக்குகிறது?

"ஏளா, ஒரு நாளைக்கு ஒரே ஒரு செட்டுதாம்மா போட்டேன். வலிக்குத்தானே மாத்திரை தின்னேன், வயித்துக்கு என்ன வந்துச்சு?"

பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி, ஒரு கையில் ரத்தம் ஏறிக்கொண்டிருக்க, அந்த அக்கா என்னைக் கேட்ட கேள்வி இது.

முக்கூடல் பக்கத்தில் இருக்கும் சொந்தக்கார அக்கா. வயது நாற்பத்தைந்து. காலையில் சமையலை முடித்துவிட்டுச் சொளகை மடியில் வைத்தால், இலையை வெட்டி, தூளை வைத்துச் சுருட்டி, நூலைக் கட்டி, சாயங்காலம் பீடிக்கடையில் கணக்குக் கொடுக்கும் வரை குனிந்த தலை நிமிராது. கழுத்து, இடுப்பு, விரல் மூட்டு என்று வலிக்காத இடம் கிடையாது. திரும்பி வரும் வழியிலேயே மருந்துக்கடை. "கை கால் வலிக்கு ஒரு செட்டு குடுங்க" என்றால், பேர் எழுதாத சின்னக் காகித உறையில் மூன்று மாத்திரை வரும். போட்ட அரை மணி, ஒரு மணியில் வலி போன இடம் தெரியாது.

இப்படியே ஏழெட்டு மாதம். ஒரு நாள் விடியற்காலை தலை சுற்றி விழுந்துவிட்டார். அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே மலம் தார் மாதிரி கறுப்பாகப் போயிருக்கிறது. "கீரை தின்னதுனால இருக்கும்"னு சும்மா இருந்திருக்கிறார். வயிற்றில் புண்ணாகி, உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசிந்துகொண்டிருந்தது பிறகுதான் தெரிந்தது.

பீடி சுற்றும் பெண்கள் மட்டுமில்லை. பிசானத்துக்கு நாற்று நடும் பெண்கள், பத்தமடையில் பாய் நெய்கிறவர்கள், மாவாட்டித் துணி துவைத்துப் பிள்ளையைத் தூக்கும் நாம் எல்லோரும் என்றாவது ஒரு நாள் போட்டுக்கொள்கிற மாத்திரைதான் அது. ஆகவே அக்காவின் கேள்விக்குப் பதில் நமக்கும் தெரிந்திருக்க வேண்டும், அல்லவா?

ஒரே அடுப்பு

அரிவாள்மணையில் விரலை வெட்டிக்கொள்கிறோம். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் சிவக்கிறது, வீங்குகிறது, சூடாகிறது, தொட்டாலே வலிக்கிறது. இதற்குக் காரணமானவற்றில் முக்கியமானது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள். அடிபட்ட இடத்தில் உடம்பே ஒரு என்ஸைமின் உதவியால் அதைத் தயாரிக்கிறது. அது ரத்தக்குழாயை விரிக்கிறது, நரம்பைக் கூச்சப்படுத்துகிறது. மூளையில் அதுவே ஜுரத்தை ஏற்றுகிறது. மாதவிலக்கின்போது கருப்பையை இறுக்கி வலிக்கச் செய்வதும் அதுதான்.

ஆஸ்பிரின் 1899-ல் கடைக்கு வந்தது. ஆனால் அது எப்படி வேலை செய்கிறது என்பது 1971 வரை புரியவில்லை. அந்த ஆண்டுதான் லண்டனில் ஜான் வேன் என்ற விஞ்ஞானி, ஆஸ்பிரினும் அதன் உறவு மருந்துகளும் புரோஸ்டாகிளாண்டின் தயாரிப்பைத் தடுக்கின்றன என்று காட்டினார். 1982-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர்.

ஆனால் இந்தப் புரோஸ்டாகிளாண்டின் வலிக்கு மட்டும் உரியதல்ல. வயிற்றில் சுரக்கும் அமிலம் வயிற்றையே அரித்துவிடாதபடி உள்ளே வழவழப்பாக ஒரு பூச்சு இருக்கிறதே, அதைக் காப்பதும் இதுதான். சிறுநீரகத்துக்கு ரத்தம் சரியாகப் பாயவும் இது உதவுகிறது.

நம் வீட்டில் ஒரே அடுப்பில்தான் காரக்குழம்பும் வேகிறது, குழந்தைக்குப் பருப்புச் சோறும் வேகிறது. காரம் வேண்டாமென்று அடுப்பையே அணைத்துவிட்டால் பருப்புச் சோறும் வேகாது. மாத்திரை செய்வதும் அதுதான். அக்காவுக்கு வலியும் நின்றது. வயிற்றின் பூச்சும் போயிற்று.

"ஊசி போட்டுக்கிட்டா வயிறு கெடாதுல்லா?" என்று கேட்பவர்கள் உண்டு. கெடும்! மருந்து ரத்தத்தோடு கலந்து வயிற்றுக்கும் போய்த்தானே சேருகிறது? சாப்பிட்டபின் போடுவது எரிச்சலைக் குறைக்கும். புண்ணை முழுக்கத் தடுக்காது.

வயிற்றைக் கெடுக்காத மருந்து வேண்டும் என்று தேடி, 1999-ல் ரோஃபிகாக்ஸிப் என்ற மருந்தைக் கொண்டுவந்தார்கள். வயிறு தப்பியது. ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவது தெரிந்து, 2004-ல் உலகம் முழுவதும் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

மூன்று குடும்பங்கள்

கடையில் கிடைக்கும் வலி மாத்திரைகளை மூன்று குடும்பமாகப் பிரித்து வைத்துக்கொண்டால் குழப்பம் இல்லை.

முதலாவது பாரசிட்டமால். குரோசின், கால்பால், டோலோ எல்லாம் இதுவே. ஜுரத்தையும் சாதாரண வலியையும் குறைக்கும். வீக்கத்துக்கு அவ்வளவாகக் கேட்காது. வயிற்றுக்கு நல்ல பிள்ளை. ஆனால் அளவு மீறினால் கல்லீரலைக் கெடுத்துவிடும். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு எட்டு என்பதுதான் எல்லை. மெலிந்தவர்களுக்கும் குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கும் இன்னும் குறைவு. ஜலதோஷ மாத்திரை பலவற்றிலும் இது கலந்திருக்கும் என்பதால் இரண்டையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

இரண்டாவது ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென், டைக்ளோஃபினாக், மெஃபனமிக் ஆசிட், நிமிசுலைட் முதலியவை. வீக்கத்தோடு கூடிய வலிக்கு நன்றாகக் கேட்கும். வயிறு, சிறுநீரகம், ரத்த அழுத்தம் மூன்றிலும் கை வைப்பவையும் இவையே. வெவ்வேறு பேரில் இரண்டைச் சேர்த்துப் போட்டால் வலி இரண்டு மடங்கு குறையாது, ஆபத்துதான் ஏறும்.

மூன்றாவது ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசலோன் போன்றவை. டாக்டர் கணக்குப் பார்த்துக் கொடுத்தால் உயிர் காக்கும் மருந்து. தெரியாமல் மாதக்கணக்கில் தின்றால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு பலமிழக்கும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். பேரில்லாத செட்டை நான் பயப்படுவது இதனால்தான். அந்த மூன்று மாத்திரையில் இதுவும் ஒன்றாக இருந்தால் நமக்கு எப்படித் தெரியும்?

பிள்ளைக்கு ஜுரமா?

2012-ஆம் ஆண்டு நெல்லை மாவட்டத்தில் யாரும் மறக்க முடியாதது. கடையநல்லூர் (இப்போது தென்காசி மாவட்டம்) உட்பட ஊர் ஊராக டெங்கு பரவியது. அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 60-க்கும் மேற்பட்டோர் டெங்குவுக்குப் பலியானார்கள்.

டெங்கு ஜுரம் எலும்பே முறிகிற மாதிரி வலிக்கும். "வலியும் நிக்கட்டும், ஜுரமும் விடட்டும்" என்று இரண்டாவது குடும்ப மாத்திரையைக் கொடுத்துவிடக் கூடாது. டெங்குவில் ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் ஏற்கெனவே குறைந்துகொண்டு வரும். இந்த மாத்திரைகள் மீதமுள்ள தட்டணுக்களின் வேலையையும் தடுத்து, வயிற்றையும் புண்ணாக்கினால், ரத்தக் கசிவை எப்படி நிறுத்துவது? ஆகவே, என்ன ஜுரம் என்று தெரியும் வரை பாரசிட்டமால் மட்டுமே.

குழந்தைக்கு அளவு வயதைப் பார்த்தல்ல, எடையைப் பார்த்து. ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம். பத்துக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 வரை. ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு ஜுரம் என்றால் மருந்து தேடாமல் நேரே டாக்டரிடம் ஓடுங்கள். சிரப்பில் 5 மில்லிக்கு 120-ம் உண்டு, 250-ம் உண்டு. சொட்டு மருந்து இன்னும் அடர்த்தி. புட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு, கூடவே வரும் மூடியிலோ சொட்டுக்குழாயிலோ அளந்து கொடுங்கள். அடுக்களைக் கரண்டி வேண்டாம். ஆஸ்பிரினைப் பிள்ளைகளுக்கு டாக்டர் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ஒரு கொடிய நோய் வர வாய்ப்புண்டு. 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நிமிசுலைட் கொடுப்பதை அரசாங்கம் 2011-லேயே தடை செய்துவிட்டது.

கழுகுகள் சொன்ன பாடம்

1990-களில் நம் நாட்டில் பிணந்தின்னிக் கழுகுகள் கூட்டம் கூட்டமாகச் செத்து விழுந்தன. காரணம் 2004-ல்தான் வெளிவந்தது. மாடுகளின் வலிக்குப் போட்ட டைக்ளோஃபினாக், செத்த மாட்டின் இறைச்சி வழியாகக் கழுகுக்குப் போய், அதன் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்திருக்கிறது. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள்.

கழுகு அளவுக்கு மனித சிறுநீரகம் பலவீனமானதல்ல. ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும், வயதான ஆச்சிமாரும், வாந்தி பேதியில் நீர் வற்றிக் கிடப்பவர்களும் ஜாக்கிரதை. கொளுத்தும் வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வயலில் நின்றுவிட்டு வந்து டைக்ளோஃபினாக் போட்டுக்கொள்வதும் அப்படித்தான்.

கர்ப்பிணிகள் ஐந்தாவது மாதத்திலிருந்து இரண்டாவது குடும்ப மாத்திரையைத் தாமாகத் தொடக் கூடாது. குழந்தையின் சிறுநீரகத்தையும், பிறக்கும் வரை திறந்திருக்க வேண்டிய ஒரு ரத்தக்குழாயையும் அது பாதிக்கும். பாலூட்டும் தாய்மார்களுக்குப் பாரசிட்டமாலும் ஐபுபுரூஃபெனும் பொதுவாகத் தீங்கில்லை.

நினைவில் வைக்க

* பேர் அச்சிட்ட அட்டையாகக் கேட்டு வாங்குங்கள். உதிரி மாத்திரை வேண்டாம்.
* வலி மூன்று நாளைத் தாண்டினால் கடைக்குப் போகாமல் டாக்டரிடம் போங்கள்.
* வயிற்றுப்புண், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.
* இருதயத்துக்காக ஆஸ்பிரின் தினமும் சாப்பிடுகிறவர்கள் தாமாக நிறுத்தக் கூடாது. வேறு வலி மாத்திரையைக் கேட்காமல் சேர்க்கவும் கூடாது.
* மலம் தார் போலக் கறுத்தாலோ, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி வந்தாலோ, உடனே ஆஸ்பத்திரி!

நம் அக்கா இப்போது நலம். டாக்டர் சொன்னபடி மணிக்கொரு தடவை சொளகை இறக்கி வைத்து, கையை உதறி, வாசல் வரை நடந்துவிட்டு வருகிறார். சுவரில் சாய்ந்து, சின்னப் பலகை மேல் உட்கார்கிறார். ராத்திரி வெந்நீர் ஒத்தடம். முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே இருக்கும் மத்திய அரசு மருத்துவமனைக்கும் போய்க் காட்டிவிட்டு வருகிறார்.

"வலி முழுசாப் போயிருச்சாக்கா?" என்று கேட்டேன்.

"எங்க போவுது? உக்காந்து சுத்துறது மாறுனாத்தானே அது மாறும்! பாதி கொறஞ்சிருக்கு. மீதிக்குப் பேரு தெரியாத மாத்திரையத் தின்ன மாட்டேன், அம்புட்டுதான்."

அந்தப் பாதி வலியைவிட, அந்த உறுதிதான் எனக்கு நிம்மதியாக இருந்தது.